ஹிஸ்டமின் தாங்காத உடம்போடு வெப்பமண்டலப் பழங்களைச் சாப்பிடுவது எப்படி?

அன்னாசி, பப்பாளி, வாழை, மாம்பழம் எல்லாம் கலந்து ஒரு கிண்ணம் நிறையச் சாப்பிட்டேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்தது, காது மடல் சூடாகியது, மூக்கு அடைத்து மண்டை இடிக்க ஆரம்பித்தது. அப்படி நடந்தது அது மூன்றாவது தடவை. பயந்துபோய், கைக்குக் கிடைத்த ஒரு பட்டியலை நம்பி எல்லாப் பழங்களையும் நிறுத்திவிட்டேன். பதினான்கு மாதம் அப்படியே ஓடியது. தலைவலி மட்டும் முழுதாகப் போகவில்லை. பிறகு முறையாக ஒவ்வொன்றாகச் சோதித்தபோதுதான் புரிந்தது: மாம்பழம் என்னை ஒன்றுமே செய்வதில்லை. அன்னாசி ஒத்துவராது. வாழைப்பழம் அளவையும் கனிவையும் பொறுத்தது. அந்தப் பதினான்கு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மட்டும் தெரிந்திருந்தால் போதும். ஹிஸ்டமின் என்பது நம் உடம்பின் செல்களிலும் பல உணவுகளிலும் இருக்கும் ஒரு வேதிப்பொருள்; அலர்ஜியில் அரிப்பையும் சிவப்பையும் தருவதும் அதுதான். சாப்பாட்டின் வழியாக வரும் ஹிஸ்டமினைச் சிறுகுடலில் உடைப்பது டையமின் ஆக்சிடேஸ் என்ற நொதி, சுருக்கமாக டிஏஓ. அது போதாதவர்களுக்கு ஹிஸ்டமின் ரத்தத்தில் கலந்து தொல்லை கொடுக்கிறது. புதிதாகப் பறித்த பழங்களில் ஹிஸ்டமின் பெரும்பாலும் மிகக் குறைவு. ஆனால் வாழை, ஆரஞ்சு போன்றவற்றில் புட்ரசின் என்ற பொருள் இருக்கிறது. அதையும் இதே டிஏஓதான் உடைக்க வேண்டும். நொதி அதில் முனைந்திருக்கும் நேரத்தில் மற்ற உணவில் வந்த ஹிஸ்டமின் தேங்கலாம். அதனால் பழத்தைத் தனியாகப் பார்த்தால் கணக்கு சரிவராது; அன்று கூடவே என்ன சாப்பிட்டீர்கள் என்பதும் சேரும்.

1. முதலில் இது அலர்ஜி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நாக்கோ தொண்டையோ வீங்குவது, மூச்சுத் திணறல், குரல் கம்முவது, மயக்கம், உடம்பு முழுக்கத் தடிப்பு, இவற்றில் ஏதாவது ஒரு முறை வந்திருந்தாலும் வீட்டில் சோதனை செய்யவே கூடாது. அது மீண்டும் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அங்கே டிரிப்டேஸ் (கடும் அலர்ஜியின்போது ரத்தத்தில் கூடும் ஒரு நொதி) ரத்தப் பரிசோதனை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அறிகுறி தொடங்கிய சில மணி நேரத்துக்குள், முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அதற்கு மதிப்பு. உடம்பு தேறியபின், ஒரு நாளாவது கழித்து, இன்னொரு முறை எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

ஹிஸ்டமின் என்று நாம் நினைத்துக்கொள்ளும் வேறு சில பிரச்சினைகளும் உண்டு. ரப்பர் கையுறை, பலூன் பட்டால் அரிப்பு வருமா? அப்படியென்றால் வாழை, வெண்ணெய்ப்பழம், கிவி, பப்பாளி ஆகியவை லேடெக்ஸ் (ரப்பர் பால்) அலர்ஜியின் தொடர்ச்சியாக உங்களைத் தொந்தரவு செய்யலாம். பழம் பட்டதும் உதடும் வாயும் மட்டும் அரித்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால், மகரந்த அலர்ஜியோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும். மாம்பழம் சாப்பிட்டு ஓரிரு நாள் கழித்து வாயைச் சுற்றிக் கொப்புளம் வந்தால், தோலிலும் காம்புப் பாலிலும் உள்ள எண்ணெய்ப் பொருள்தான் முதல் சந்தேகம். முந்திரி ஓட்டில் இருப்பதும் அதே வகைதான். பழம் சாப்பிட்டு மணிக்கணக்கில் கழித்து வயிறு மட்டும் உப்பி, வாயு, பேதி என்று வந்தால், ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை சரியாக உறிஞ்சப்படாத பிரச்சினையா என்று மூச்சுப் பரிசோதனையில் பார்க்கலாம்.

ஹிஸ்டமின் தாங்காமையின் முகம் வேறு. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முகச் சிவப்பு, தலைவலி, மூக்கடைப்பு, படபடப்பு, அரிப்பு, வயிற்றுக் கலக்கம் என்று இரண்டு மூன்று இடங்களில் ஒன்றாக வரும். அதே பழம் ஒரு நாள் ஒன்றும் செய்யாது, இன்னொரு நாள் படுக்கவைத்துவிடும். அந்த மாறாட்டம்தான் என்னை ரொம்ப நாள் குழப்பியது.

2. மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டியவை

நான் முதல் தடவை வெறுங்கையோடு போனேன். ஐந்து நிமிடத்தில் ஒரு மாத்திரைச் சீட்டோடு திரும்பினேன். இரண்டாவது தடவை வேறொரு மருத்துவரிடம் ஒரு கோப்போடு போனேன். அன்றுதான் முதன்முறையாக என்னிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. கோப்பில் இருக்க வேண்டியவை இவை.

இரண்டு வார உணவுக் குறிப்பு. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ன ஆனது, எப்போது அடங்கியது. பழமென்றால் எந்த அளவு பழுத்தது, வெட்டி எவ்வளவு நேரமாயிற்று என்பதும் வேண்டும். முந்தைய இரவுத் தூக்கம், மது, கடும் உடற்பயிற்சி, மாதவிடாய் நாள், சளி காய்ச்சல் இருந்ததா என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

சிவப்பு, தடிப்பு இவற்றின் படங்கள், எடுத்த நேரத்தோடு. நீங்கள் போகும் நேரத்தில் தோல் பளிங்கு மாதிரி இருக்கும், யாரும் நம்ப மாட்டார்கள்.

எல்லா மருந்துகளின் பட்டியல், கடையில் நேரடியாக வாங்குவதும் சேர்த்து. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த ஆன்டிபயாடிக், குளோரோகுயின், வெராபமில், சிமெடிடின் ஆகியவை டிஏஓவின் வேலையைத் தடுக்கக்கூடியவை என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இந்தப் பெயர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பழைய பரிசோதனை அறிக்கைகள். இருப்பதை மறுபடி எடுத்துச் செலவழிக்க வேண்டியதில்லை.

பணம் வீணாகும் இடம் பரிசோதனைக் கூடம்தான். ரத்தத்தில் டிஏஓ அளவு பார்க்கும் சோதனை எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் ரத்தத்தில் உள்ள அளவு குடலில் நடப்பதைச் சரியாகக் காட்டுவதில்லை. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் 2017இல் வெளியிட்டு 2021இல் புதுப்பித்த வழிகாட்டி, அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது என்றே சொல்கிறது. அடுத்தது, நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துத் தரும் தொகுப்பு. அதை வாங்கவே வாங்காதீர்கள். அதன் ஒரு வகையான ஐஜிஜி4 இருப்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும், நோயை அல்ல. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் அந்தத் தொகுப்புக்குப் பணம் கட்டினேன். முப்பத்தெட்டு உணவுகளுக்குச் சிவப்புக் குறி போட்டு வந்தது. அதில் பாதியை நான் தினமும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

செலவழிக்க வேண்டியது உண்மையான அலர்ஜியை விலக்கும் சோதனைகளுக்கு. தோலில் குத்திப் பார்க்கும் சோதனை என்றால் ஆன்டிஹிஸ்டமின் (ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கும் அலர்ஜி மருந்து) மாத்திரையைச் சில நாள் முன்பே, பெரும்பாலும் ஒரு வாரம் அளவில், நிறுத்தச் சொல்வார்கள். நாள் குறிக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். மறந்து மாத்திரை போட்டுக்கொண்டு போனால் வேறு நாள்தான். இன்னொன்றும் இருக்கிறது, இது பழம் சாப்பிடுபவர்களுக்கே உரியது. முகச் சிவப்புக்கு வேறு காரணம் தேடி சிறுநீரில் 5-எச்ஐஏஏ (உடம்பில் செரடோனின் என்ற வேதிப்பொருள் உடைந்து உருவாவது) அளவு பார்க்கச் சொன்னால், வாழை, அன்னாசி, கிவி, வெண்ணெய்ப்பழம் இவற்றை இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே தவிர்க்க வேண்டும். இவற்றில் செரடோனின் இருப்பதால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டி, வீண் பயத்தைக் கிளப்பும்.

3. இரண்டு வாரம் உடம்பை அமைதிப்படுத்துங்கள்

மேலே சொன்ன வழிகாட்டி 10 முதல் 14 நாள் வரை உணவைக் குறுக்கச் சொல்கிறது. அந்த நாட்களில் நாள்பட்ட பாலாடைக்கட்டி, மது, புளிக்கவைத்தவை, பதப்படுத்திய இறைச்சி, டப்பாவில் அடைத்த மீன், பழைய மிச்ச மீதி எதுவும் வேண்டாம். தக்காளி, கத்திரிக்காய், கீரை வகைகளில் பசலை, இவற்றிலும் ஹிஸ்டமின் இருப்பதால் ஒதுக்கிவையுங்கள். சமைத்ததை அன்றே சாப்பிடுங்கள். சூடாக்கினால் ஹிஸ்டமின் அழியாது. குளிர்பெட்டியும் அதை அழிக்காது, மேலும் கூடுவதைத்தான் மெதுவாக்கும்.

பழத்தை முற்றிலும் நிறுத்த வேண்டுமா? எனக்கு அது தேவைப்படவில்லை. எந்த நாளிலும் தொல்லை கொடுக்காத ஒரே ஒரு பழத்தை மட்டும் வைத்துக்கொண்டேன், ஆப்பிள்.

இரண்டு வாரம் சரியாக இருந்தும் கொஞ்சம்கூடத் தேறவில்லை என்றால், இன்னும் பலவற்றை நிறுத்தாதீர்கள். காரணம் ஹிஸ்டமினாக இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். குறுக்கிய உணவிலேயே மாதக்கணக்கில் கிடப்பதுதான் இந்தப் பாதையில் மிகப் பெரிய ஆபத்து. எடை குறையும், சத்து குறையும், சாப்பாட்டைக் கண்டாலே பயம் வரும். எனக்கு மூன்றும் வந்தன. குழந்தைகள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே எடை குறைவானவர்கள் உணவியல் நிபுணரின் துணையில்லாமல் இந்தக் கட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

4. பட்டியல்களை நம்பும் அளவு

சுற்றிவரும் பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். புளிக்கவைத்த உணவுகளில் எல்லாம் ஒத்துப்போகும், மற்றவற்றில் ஆளுக்கொன்று சொல்லும். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு இத்தகைய உணவுமுறைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. விலக்கச் சொன்ன உணவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான், விலக்குவதற்குக் காரணமாகச் சொல்லும் அளவுக்கு ஹிஸ்டமின் இருந்தது.

அன்னாசி, பப்பாளி, வாழை, கிவி இவற்றுக்கு எதிரே ‘ஹிஸ்டமினை விடுவிப்பது’ என்று போட்டிருப்பார்கள். பழத்தில் ஹிஸ்டமின் இல்லாவிட்டாலும், நம் உடம்பின் செல்களில் இருப்பதை அது வெளியே கொட்டச் செய்கிறது என்று பொருள். மனித உடம்பில் இது இப்படித்தான் நடக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் குறைவு. அதற்காக உங்கள் தலைவலி பொய்யாகிவிடாது. பட்டியலை எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று வரிசை போடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். எதை வாழ்நாள் முழுக்க விடுவது என்று அதைக் கேட்காதீர்கள்.

5. பழம் வாங்குவதும் வைப்பதும்

சோதனைக்கு முழுப் பழமாக, அடிபடாத, கன்றிப்போகாத ஒன்றை வாங்குங்கள். வெட்டி டப்பாவில் அடைத்த பழம் வேண்டாம். எப்போது வெட்டியது, எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பழுத்து மென்மையாகி, ஆனால் குழையாமல் இருக்கும் பதம் நல்லது. கறுத்த புள்ளி, புளித்த வாசனை, தண்ணீர் விட்ட சதை, இவை நுண்ணுயிர் வேலையைத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம்.

எனக்கு ரொம்ப உதவியது இந்த ஒரு பழக்கம்: வாங்கிய அன்றே பழத்தை உரித்து, சோதனைக்கு வேண்டிய மூன்று பங்காக எடைபோட்டுப் பிரித்து, உடனே உறையவைத்துவிடுவேன். மூன்று நாளும் ஒரே பழம், ஒரே பதம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை செங்காயாகச் சாப்பிட்டது புதன்கிழமை கனிந்து குழைந்திருக்கும். எதைச் சோதித்தோம் என்றே தெரியாமல் போகும். செலவும் குறைவு, ஒரு பழம் போதும்.

6. ஒரு பழம், மூன்று அளவு, மூன்று நாள்

முதல் நாள் 30 கிராம். இரண்டாம் நாள் 75 கிராம். மூன்றாம் நாள் 150 கிராம். இது நான் வகுத்துக்கொண்ட அளவு. உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். முற்பகலில், காலை உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து, வேறு எதுவும் சேர்க்காமல் பழத்தை மட்டும் சாப்பிடுங்கள். அப்புறம் நான்கு மணி நேரம் கவனியுங்கள். இரவில் சோதித்தால் தூக்கத்தில் வருவது தெரியாது, உதவிக்கும் ஆள் இருக்காது. வீட்டில் யாராவது இருக்கும் நாளாகப் பாருங்கள்.

தொல்லை வந்தால் அந்தப் பழத்தை அங்கேயே நிறுத்தி, உடம்பு முழுதாகத் தேறி இரண்டு நாள் போனபின் அடுத்த பழத்துக்குப் போங்கள். வராவிட்டால் ஒரு நாள் இடைவெளி போதும். எட்டுப் பழங்களுக்கு ஐந்து வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு பழம் சோதித்த வாரங்கள் எனக்கு முழுக்க வீண்.

சோதிக்கக் கூடாத நாட்களும் உண்டு: தூக்கம் கெட்ட மறுநாள், காய்ச்சல் சளி, மது குடித்த மறுநாள், வெளியில் சாப்பிட்ட மறுநாள். சில பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களில் எல்லாமே கூடுதலாகத் தெரியும். அந்த நாட்களையும் தள்ளிவையுங்கள். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி டிஏஓவைப் பெருமளவில் உருவாக்குவதால் பலருக்குத் தொல்லை குறைந்துவிடும். அப்போது கிடைத்த நல்ல முடிவைப் பிரசவத்துக்குப் பின் அப்படியே நம்ப முடியாது.

‘தொல்லை வந்தது’ என்று முடிவெடுக்க ஒரு தடவை போதாது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே அளவை மறுபடி முயலுங்கள். மறுபடியும் அதே மாதிரி வந்தால் மட்டும் விலக்குங்கள். இது லேசான தொல்லைக்கு மட்டும்தான் பொருந்தும்; முதல் படியில் சொன்ன அறிகுறி எதுவும் வந்தால் இரண்டாவது முயற்சி கிடையாது.

7. பழம் பழமாக

மாம்பழத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பட்டியல்களில் இது சாதுவான பக்கத்தில் இருக்கிறது. தோலைத் தடிமனாகச் சீவுங்கள், கொட்டையைச் சப்பாதீர்கள். முடிந்தால் வேறு யாராவது உரித்துக் கொடுக்கட்டும். மாம்பழத்தில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம் என்பதால் 150 கிராமில் வயிறு உப்பினால் அதை ஹிஸ்டமின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

லிச்சி, ரம்புட்டான், மங்குஸ்தான், டிராகன் பழம் ஆகியவற்றை அடுத்து வையுங்கள். சிவப்புச் சதை டிராகன் பழம் சாப்பிட்டால் மறுநாள் சிறுநீரும் மலமும் சிவக்கலாம். அது பழத்தின் நிறம்தான், பயப்படாதீர்கள்.

வாழைப்பழத்துக்குப் பொறுமை வேண்டும். புட்ரசினும் செரடோனினும் உள்ள பழம் இது. இதில் 30 கிராம் ஒத்துப்போய் 150 ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணம். எனக்கு மஞ்சளாக, புள்ளி விழாமல் இருக்கும்போது அரைப் பழம் சரி; கறுத்தபின் அதே அரைப் பழம் மூக்கை அடைக்கிறது. உங்களுக்கு இது நேர்மாறாகவும் இருக்கலாம். அதனால் இரண்டு பதத்திலும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

பப்பாளியை நன்றாகப் பழுத்தபின் மட்டும் எடுங்கள். காயில் பால் அதிகம், லேடெக்ஸ் அலர்ஜிக்காரர்களுக்கு அது ஆகாது. வெண்ணெய்ப்பழத்தை வெட்டியதும் சாப்பிடுங்கள். பாதியை மூடிவைத்து மறுநாள் சோதிக்காதீர்கள். பலாப்பழம் பிர்ச் மர மகரந்த அலர்ஜி உள்ளவர்களுக்கு வாய் அரிப்பைத் தரக்கூடும்.

அன்னாசியைக் கடைசியில் வையுங்கள். இதில்தான் குழப்பம் அதிகம். நாக்கு பிளந்தது போல எரிவது பெரும்பாலும் புரோமெலைன் என்ற நொதியாலும், ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்களாலும் வருவது, யாருக்கும் வரும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பச்சையாக 30 கிராம் ஒரு நாள், நன்றாக வேகவைத்த 30 கிராம் வேறொரு நாள். வெந்தால் புரோமெலைன் செயலிழந்துவிடும், செரடோனினும் ஹிஸ்டமின் வகைப் பொருட்களான மற்ற அமைன்களும் அப்படியே இருக்கும். வேகவைத்தது ஒன்றும் செய்யவில்லை என்றால் உங்கள் சிக்கல் ஹிஸ்டமினாக இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு. எனக்கு இரண்டும் முகத்தைச் சிவக்கவைத்தன, அதனால் விட்டுவிட்டேன்.

ஹிஸ்டமினோடு தொடர்பில்லாத, ஆனால் சொல்லாமல் விட முடியாத இரண்டு: சிறுநீரக நோய் உள்ளவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது, அது மூளையைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் பல மருந்துகளின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். மருந்து சாப்பிடுபவர்கள் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. ஜூஸ், உலர்பழம், கலவை

ஒரு டம்ளர் ஜூஸில் மூன்று நான்கு பழங்களின் சாறு இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும். கடையில் வாங்கும் ‘வெப்பமண்டலக் கலவை’யின் லேபிளைப் படித்தால் பல சமயம் ஆரஞ்சுச் சாறுதான் அடிப்படை. தயிர் சேர்த்த ஸ்மூத்தி என்றால் புளித்த உணவும் சேர்ந்துவிடுகிறது. உலர்ந்த மாம்பழம், பப்பாளி, அன்னாசியில் நிறம் மாறாமலிருக்க சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள் போடுவார்கள். லேபிளில் ஈ220 முதல் ஈ228 வரையிலான எண்கள் அதைக் குறிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதுவே மூச்சை இறுக்கலாம். ஒரு பழம் பச்சையாக ஒத்துப்போனது என்பதற்காக அதன் உலர்ந்த வடிவமும் ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

9. டிஏஓ மாத்திரை, ஆன்டிஹிஸ்டமின்

டிஏஓ மாத்திரைகள் பெரும்பாலும் பன்றிச் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுபவை. சைவ உணவுக்காரர்களும், மத காரணத்துக்காகத் தவிர்ப்பவர்களும் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். பட்டாணி முளையிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது. சாப்பாட்டுக்குக் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். குடலுக்குள் வரும் ஹிஸ்டமினை மட்டும்தான் அது உடைக்கும், ஆதாரமும் சிறிய ஆய்வுகளோடு நிற்கிறது. தினமும் போட்டால் செலவு ஏறிக்கொண்டே போகும். நான் விருந்து நாட்களுக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

சோதனை நாட்களில் இதையும் போடாதீர்கள், ஆன்டிஹிஸ்டமினையும் போடாதீர்கள்; முடிவு மறைந்துவிடும். ஆனால் தோல் தடிப்புக்காகவோ வேறு நோய்க்காகவோ மருத்துவர் தினமும் எழுதிக்கொடுத்த மாத்திரை என்றால், அதை நிறுத்தும் முடிவு அவருடையது.

10. முடிவுகளை எழுதி, ஆறு மாதத்தில் மறுபடி பாருங்கள்

ஒரே தாளில் மூன்று பத்தி போடுங்கள்: தாராளமாக, அளவோடு, வேண்டாம். ‘அளவோடு’ என்பதற்கு எதிரே எத்தனை கிராம், எந்தப் பதம் என்று எண்ணோடு எழுதுங்கள். அளவோடு பத்தியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பழம் மட்டும் எடுங்கள். நான் ஆரம்பத்தில் சாப்பிட்ட அந்தக் கிண்ணத்தில், மாம்பழம் தவிர, எனக்கு அளவோடு அல்லது வேண்டாம் என்ற பழங்கள்தான் கூட்டமாக இருந்தன. குடல் நோய் ஒன்று குணமானாலோ, மருந்து மாறினாலோ தாங்கும் அளவும் மாறலாம். எனவே வேண்டாம் பத்தியில் உள்ள, லேசான தொல்லை மட்டும் கொடுத்த பழங்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை 30 கிராமிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பப்பாளி எனக்கு அப்படித்தான் இரண்டாவது ஆண்டில் நடுப் பத்திக்கு வந்தது: 75 கிராம், நன்றாகப் பழுத்தது, காலையில் மட்டும்.